கால் அங்குலமும் ஆடாத கட்டிலும்

அன்று காலை சரியாகப் பத்து நாற்பதுக்கு, எங்கள் வீட்டுச் சின்ன அறைக்குள் கடைசி ஆப்பு இறங்கியது. 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டில், இன்றைக்கும் தெருவில் எவராவது சுத்தியலைக் கையில் எடுத்தால் நான் ஓடிப்போய் வீட்டுக் கதவையெல்லாம் திறந்துவைக்கிறேன்.

ஆப்பை இறக்கியவருக்கு ஊர் வைத்த பெயர் கால் அங்குலம். நுழையாத இடத்தில் எதையும் நுழைத்துவிடக்கூடிய மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று எங்கள் ஊர் பிள்ளையார்பாளையம் முழுவதும் நம்பியது. நானும் நம்பினேன். கொஞ்சம் மனம் வைத்திருந்தால் கோயில் தேரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுப் புழக்கடையில் நிறுத்தி, பக்கத்தில் துணி காயப்போட இடமும் விட்டிருப்பார்.

பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து வந்து குடியேறியவர். தறி செய்கிற ஆசாரி. சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "கால் அங்குலம் இடிக்குதும்மா, செதுக்கினா சரியாப்பூடும்" என்பார். மரம், மனிதர் என்ற பேதம் கிடையாது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தலைப்பாகை பந்தல் வாசலில் தட்டியபோது, அவர் பந்தலை விட்டுவிட்டு மாப்பிள்ளையைத்தான் ஒற்றைக் கண்ணால் பார்த்தாராம். மாப்பிள்ளை தானாகவே குனிந்துவிட்டார்.

ஐயம்பேட்டையில் ஒரு வீடு. தறி நீளம், வீடு குட்டை. பாவு நூலைக் கயிற்றால் நீளவாக்கில் இழுத்துக் கட்ட இடம் போதவில்லை. கால் அங்குலம் சுவரில் துளை போட்டு, கயிற்றை அந்தப் பக்கம் விட்டு, அடுத்த வீட்டுச் சமையலறைத் தூணில் கட்டிவிட்டு வந்தார். அடுத்த வீட்டம்மாள் சும்மா இருப்பாளா, அதில் துணி காயப்போட்டாள். இந்தப் பக்கம் நெசவுக்காரர் கயிற்றைத் தளர்த்தும்போதெல்லாம் அந்தப் பக்கம் பாவாடை சாம்பாரில் விழுந்தது. மூன்று வருடமாகப் பேசாமலிருந்த இரண்டு குடும்பங்களும் அன்றுமுதல் பேச ஆரம்பித்தன. என்ன பேசினார்கள் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

இப்படிப்பட்டவரைத்தான் நான் கட்டில் போடக் கூப்பிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

எங்கள் மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நாள் குறித்தது இன்னும் மூன்று வாரம் தள்ளி. நிறைமாதக்காரி பாயில் படுத்து எழக்கூடாது என்று, கல்யாணத்துக்கு நாங்கள் கொடுத்த தேக்குக் கட்டிலையே மாப்பிள்ளை பட்டணத்திலிருந்து லாரியில் திருப்பி அனுப்பியிருந்தார். நல்ல மனசு. ஆனால் அந்தக் கட்டிலில் நான்கு பேர் படுத்துச் சீட்டு விளையாடலாம். அவளுக்கு நான் ஒழித்துவைத்த அறையிலோ இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சு விட யோசிப்பார். முன்பு குடியிருந்தவர்கள் தறி போட்டிருந்த அறை அது. மண் தரை. சந்துப் பக்கம் உயரத்தில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். எதிர்ப்புறம் உள்பக்கமாகத் திறக்கும் கனத்த ஒற்றைக் கதவு.

என் கணவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமையாதலால் வீட்டில் இருந்தார். "இது உள்ளே போகாது. கூடத்திலேயே போட்டுவிடலாம்" என்றார். பிரசவத்துக்கு வந்த பெண்ணை வருகிறவன் போகிறவன் பார்க்கிற கூடத்தில் படுக்கவைப்பதா என்று அவர் வாயை அடைத்தவள் நான்.

கால் அங்குலம் விடியற்காலையிலேயே வந்தார். கட்டிலைத் துண்டு துண்டாகக் கழற்றினார். "தறிய யாரும் முழுசா வூட்டுக்குள்ள தூக்கினு வர மாட்டாங்க டீச்சரம்மா. அது உள்ளயே பொறக்கணும். கட்டிலும் அப்படித்தான்" என்றார். எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்திருந்தது.

தறி ஆசாரிக்கு இரண்டு விதிகள் உண்டு. அவை எனக்கு அப்போது தெரியாது. முதல் விதி, தறி ஆடக்கூடாது. ஆடினால் சேலை கெட்டுவிடும். அதனால் கட்டிலின் நான்கு கால்களுக்கும் மண் தரையில் ஒரு சாண் குழி வெட்டினார். காலை உள்ளே இறக்கி, சுற்றிலும் புளிய மரத்து ஆப்பு அடித்து, ஆப்பு ஊறி உப்பட்டும் என்று ஒரு சொம்புத் தண்ணீரும் ஊற்றினார். இரண்டாவது விதி, நெய்கிறவர் உட்கார்ந்து பார்க்காமல் தறியை முடிக்கக்கூடாது. வெளிச்சம் அவருக்கு இடது கைப் பக்கம் விழ வேண்டும்.

"பொண்ண வரச் சொல்லும்மா. படுத்துப் பாத்தாத்தான் அளவு தெரியும்" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

செல்வி போனாள். ஜன்னல் வெளிச்சம் இடது பக்கம் விழும்படி கட்டிலைக் கதவுப் பக்கமாகத் தள்ளியே நட்டிருந்தார்; தான் நின்று வேலை செய்ய ஜன்னலோரம் இரண்டடி விட்டிருந்தார். கடைசிப் பலகையை இறக்கக் கதவு இடைஞ்சலாக இருந்தது. கதவைச் சாத்தினார். பலகையை இறக்கினார். ஆப்பை அடித்தார். பத்து நாற்பது.

"வந்து பாரும்மா! கல்லு மாதிரி நிக்குது!"

நான் கதவைத் தள்ளினேன். கதவும் கல்லு மாதிரி நின்றது.

உள்ளேயிருந்து கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு கால் அங்குலத்தின் குரல் மெல்ல வந்தது. "டீச்சரம்மா... கதவுன்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

"இருக்கிறது, ஆசாரி! அதில்தானே நீங்கள் உள்ளே போனீர்கள்!" என்றார் என் கணவர்.

"தறி ரூமுக்குக் கதவு ஏது சார்? தொறந்தே கெடக்கும். அந்த ஞாபகத்துல..."

எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஆப்பைப் பிடுங்கிவிட்டுக் கட்டிலை நகர்த்தினால் ஆயிற்று என்று நினைத்தேன். ஆனால் ஆப்புகள் தண்ணீர் குடித்து உப்பிவிட்டிருந்தன. அவர் கால்களையும் கடைசிப் பலகையையும் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. அப்போதுதான் செல்வி, "அம்மா, இடுப்பு வலிக்குதும்மா" என்றாள்.

நான் பதினெட்டு வருடமாக ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். தெருவில் யாரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். அந்த நிமிடத்தில் எல்லாம் போயிற்று. கதவை இரண்டு கையாலும் குத்திக்கொண்டு, "அடப்பாவி! என் பொண்ணை உயிரோடு வைத்துச் சமாதி கட்டிட்டியேடா!" என்று கத்தினேன். அவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும்.

தெரு கூடிவிட்டது. தெலுங்கு பேசும் நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணான எதிர்வீட்டு ரங்கம்மா கோடாலியோடு ஓடிவந்தாள். என் கணவர் கதவில் மூன்று போடு போட்டார். அந்தக் காலத்துப் பலாக் கதவு. கோடாலியின் காம்புதான் முறிந்தது.

"கதவ வுட்டுடுங்க சார், செதில் பொண்ணு மேல தெறிக்குது! ரம்பத்தக் குடுங்க, கட்டில் காலையே அறுத்துடறேன்!" என்றார் கால் அங்குலம். அவருடைய ரம்பம் கூடத்தில் பையோடு கிடந்தது. சந்துக்கு ஓடி, ஜன்னல் கம்பி வழியே அதை நீட்டினோம். தகடு போயிற்று. கைப்பிடி சிக்கியது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"என்னய்யா ஆச்சு?"

உள்ளேயிருந்து அழுகிற குரலில் பதில் வந்தது. "கால் அங்குலம் இடிக்குது சார்."

"வாயக் கழுவுய்யா!" என்று ரங்கம்மா ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். "இன்னொரு வாட்டி அதச் சொன்னே, உன் நாக்கச் செதுக்கிடுவேன்!"

கடைசியில் சுத்தியலைத் தவிர அவரிடம் மிஞ்சியது இடுப்பில் செருகியிருந்த சின்ன உளி ஒன்றுதான். அவர் போட்ட இணைப்பை யாரும், அவரேகூட, பிரித்ததாகச் சரித்திரம் இல்லை. அதில் அவருக்கு அவ்வளவு கர்வம். அந்த உளியை எடுத்து, தான் அடித்த ஆப்புகளைத் தானே சீவத் தொடங்கினார்.

இதற்குள் பிள்ளைப்பேறு பார்க்கும் நர்ஸம்மா ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். ஜன்னலுக்கடியில் நின்று, "வலி எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை வருது?" என்று கேட்டார்.

"ஒண்ணு வந்து அடுத்தது வர்றதுக்குள்ள ரெண்டு விரக்கட நெய்யலாம்மா!" என்றார் கால் அங்குலம்.

"எனக்கு நிமிஷத்துல சொல்லுய்யா!"

"கடியாரம் இல்லியேம்மா!"

நர்ஸம்மா எங்களைப் பார்த்தார். நாங்கள் ரங்கம்மாவைப் பார்த்தோம். இரண்டு விரல் அகலம் நெய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, "பட்டுன்னா கால் மணி" என்றாள். நர்ஸம்மா முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப நேரம் இருக்கு" என்றார். பிறகு ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து செய்தி அப்படியேதான் வந்தது. ஒன்றரை விரற்கடை. அப்புறம் ஒரு விரற்கடை. ஒவ்வொரு விரற்கடைக்கும் எனக்கு ஒரு வயது கூடியது.

நான் கதவுக்கும் ஜன்னலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். செல்வியின் குரல் கேட்கவே இல்லை. கேட்டதெல்லாம் உளிச் சத்தமும் அவர் பேச்சும்தான். சந்து முழுவதும் கேட்கும்படி பேசினார். தன் மச்சான் கோயில் கருடசேவைக் கூட்டத்தில் வேறு ஒருத்தியைத் தன் பெண்டாட்டி என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன கதை. தான் பட்டணத்தில் எலெக்ட்ரிக் ரயிலில் தூங்கி மூன்று தடவை போய்த் திரும்பிய கதை. நடுநடுவே சிரிப்பு வேறு. "இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா?" என்று நான் பல்லைக் கடித்தேன். "அவர் அவளுக்குத் தைரியம் சொல்கிறார், நீ சும்மா இரு" என்றார் என் கணவர். தெருவும் அதையே சொன்னது.

பதினொன்று ஐம்பதுக்கு 'மடார்' என்று ஒரு சத்தம். கதவோரத்துக் கால் கழன்று, கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கதவு ஒரு முழம் திறந்தது. உள்ளே வியர்வையும் மரத்தூளுமாக நின்ற கால் அங்குலம் செல்வியைக் கைத்தாங்கலாகப் பிடித்து வெளியே அனுப்பினார். அவருடைய வலது கை முழுவதும் ரத்தம். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் மகளை இழுத்துக்கொண்டு வாசலில் தயாராக நின்ற ஜட்கா வண்டியில் ஏறினேன்.

இரண்டு இருபதுக்கு ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் சுகம்.

மாப்பிள்ளை மறுநாள் வந்து, சாய்ந்து கிடந்த கட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மற்ற மூன்று காலையும் இனி யாராலும் எடுக்க முடியாது போலிருக்கிறதே மாமா" என்றார். முடியவில்லைதான். நாலாவது காலுக்குச் செங்கல் வைத்து, அதில் என் கணவர் படுக்கிறார். ஆடுவதே இல்லை என்கிறார். செல்வியும் குழந்தையும் கூடத்தில்தான் படுத்தார்கள்.

கால் அங்குலம் அதற்குப் பிறகு எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. தறி வேலை என்று கூப்பிட்டாலும் சுற்றுவழியாகப் போனாராம். நானும் போய்ப் பார்க்கவில்லை. தப்புச் செய்தால் மன்னிப்புக் கேள் என்று முப்பது பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லிக்கொடுக்கிறவள், அந்த 'டா'வை நினைத்து, அவர் வீட்டுத் தெருமுனை வரை இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் காலை வாசலில் நிழலாடியது. கால் அங்குலம். வெளுத்த வேட்டி, வலது கைக் காயத்தில் பழைய துணிக்கட்டு. படி ஏறாமல் கீழேயே நின்றார்.

"உள்ள வரலம்மா. கொழந்தய இங்கயிருந்தே பாத்துட்டுப் போயிடறேன்."

உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிவந்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். தறிக் கட்டையைத் தனியாகத் தூக்குகிறவர், இரண்டே முக்கால் கிலோவை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டார். குழந்தையைப் பார்த்தபடியே அவர் சொன்னார்:

"நான்தான் உள்ள பொண்ணுக்குத் தைரியம் சொல்லிக்கினு இருந்தேன்னு ஊரே பேசுதும்மா. அதெல்லாம் பொய்யிம்மா. நீங்க வெளிய கத்துனப்பவே எனக்குக் கையி ஓடல. உங்க பொண்ணுதான் என் தோளப் புடிச்சிக்கினு, 'எங்கம்மா பயந்தா அப்படித்தான் கத்துவாங்க மாமா, ரொம்ப நல்லவங்க, நீங்க செதுக்குங்க'ன்னு சொல்லிச்சு. 'சிரிச்சிக்கினே ஏதாவது சத்தமாப் பேசுங்க, வெளிய அம்மாவுக்குக் கேக்கட்டும்'னு சொல்லிச்சும்மா."