நாய்க்கடி ஊசிக்கு நான் பேசின பேரம்

காலையில ஒரே ஒரு வேலைதான். ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஊசி போட்டுக்கணும், வந்து கடையைத் திறக்கணும்.

சென்னீர்குப்பத்துல பழைய கதவு, ஜன்னல் விக்கிற கடை என்னோடது. வீட்டை இடிக்கிறவங்ககிட்ட அடிச்சுப் பேசி வாங்குவேன். வீடு கட்டுறவங்ககிட்ட அதைவிட அடிச்சுப் பேசி விப்பேன். நான் படிச்சதெல்லாம் ஏமாந்து ஏமாந்து படிச்சதுதான்.

பக்கத்துல பஞ்சர் கடை வெச்சிருக்கிற தாஸ் ஒரு நாய்க்குட்டி வளர்க்கிறான். முந்தின நாள் சாயங்காலம் அதுக்கு பன் போட்டேன். பன்னோட சேர்த்து என் விரலையும் கவ்விடுச்சு! ரத்தம் வரல. லேசா பல் பதிஞ்சிருந்தது.

"ஒண்ணியும் ஆவாது யக்கா, கொயந்த அது. கொஞ்சம் மொளகாத்தூள் வெச்சிக்கோ" என்றான் தாஸ்.

வெச்சேன். அதுக்கப்புறம் தெருவுல கத்தினது நாய் இல்ல, நான்.

மறுநாள் அவனே பைக்ல கொண்டு வந்து விட்டான். அரசாங்க ஆஸ்பத்திரி. நர்ஸம்மா விரலைப் பார்த்தாங்க.

"சோப்பு போட்டுக் கழுவினீங்களா?"

"மொளகாத்தூள் வெச்சேன் சிஸ்டர்."

"விரலை வறுக்கப் போறீங்களா? கடிச்ச உடனே ஓடற தண்ணியில சோப்பு போட்டு கால் மணி நேரம் கழுவணும். வேற எதையும் தடவக் கூடாது. போங்க, இப்பவாவது கழுவிட்டு வாங்க."

கழுவிட்டு வந்து, புடவையை ஒதுக்கிக்கிட்டு, கண்ணை மூடிக் கட்டில்ல படுத்தேன்.

"என்னம்மா படுத்துட்டீங்க?"

"தொப்புளைச் சுத்தித்தானே போடுவீங்க?"

"அதெல்லாம் எந்தக் காலம்! எழுந்து கையைக் காட்டுங்க. இன்னிக்கு ரெண்டு கையிலயும் ஒவ்வொண்ணு. இதே மாதிரி மொத்தம் நாலு தடவை வரணும்."

நாலா! முதல்ல சொல்ற விலைக்கு அப்படியே தலையாட்டுறவளா நான்?

"ரெண்டு தடவையில முடிச்சிடுங்க சிஸ்டர்."

"முடியாதும்மா."

"சரி, எனக்கும் வேணாம், உங்களுக்கும் வேணாம். மூணு."

"இது என்ன கத்திரிக்காயா?"

"அப்போ நாலையும் மொத்தமா இன்னிக்கே போட்டு விடுங்க. எதுக்குச் சில்லறை சில்லறையா?"

வரிசையில இருந்த ஒருத்தர், "யம்மா, ஊசி வாங்கினா பஞ்சு ஃப்ரீயான்னு கேளு!" என்றார். மொத்த வரிசையும் சிரிச்சுது.

எனக்கு வந்துச்சே கோபம்! பேரத்துல கடைசி ஆயுதத்தை எடுத்தேன். பையை மாட்டிக்கிட்டு, "வேணவே வேணாம்"னு எழுந்து நடந்தேன். என் அனுபவத்துல, வாசப்படி தாண்டறதுக்குள்ள "யக்கா, வா, நீ கேட்ட ரேட்டுக்கே எடுத்துக்கோ"ன்னு குரல் வந்துடும்.

மெதுவா நடந்தேன். செருப்பை ஒவ்வொண்ணா மாட்டினேன். வார் இல்லாத செருப்புக்கு வாரைச் சரி பண்ணினேன்.

குரல் வந்துச்சு. "அடுத்தது யாரு?"

வாசல்ல தாஸ். "இன்னா யக்கா, போட்டுக்கினியா?"

"நாலு தடவை வரணுமாம். இரு, இப்ப கூப்பிடுவாங்க பாரு."

"அவங்க இன்னாத்துக்கு உன்னிய கூப்பிடணும்? இன்னா, யாவாரமா நடக்குது?" சிரிச்சுக்கிட்டே ஆரம்பிச்சவன் சட்டுன்னு சிரிப்பை நிறுத்தினான். "எங்க மாமா ஊட்டாண்ட ஒர்த்தரு ஊசி போடாம உட்டுட்டாரு. நோவு வந்தப்பறம் எந்த டாக்டராலயும் ஒண்ணியும் பண்ண முடியல. போட்டுக்கோ யக்கா. நாயி என்னுது. உனுக்கு ஒண்ணுன்னா நான் எப்புடி அத்த வெச்சிகினு கீறது?"

திரும்பிப் போய் வரிசையோட கடைசியில நின்னேன்.

நர்ஸம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கல. "எத்தனை தடவை?"

"நாலு."

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா? எந்த மருந்தாவது ஒத்துக்காதா? வேற தொந்தரவு?"

"கோபம் மட்டும்தான் சிஸ்டர்."

"அதுக்கு எங்ககிட்ட ஊசி இல்ல. நடுவுல நிறுத்திடாதீங்க. அந்த நோய் வந்துட்டா அப்புறம் காப்பாத்த முடியாது. அதனாலதான் வர்றதுக்கு முன்னாடியே போடறோம்."

போட்டாங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. இதுக்கா இத்தனை பேச்சு பேசினேன்!

சொன்ன தேதியில எல்லாம் ஒழுங்கா போனேன். குட்டியும் பன் தின்னுக்கிட்டு நல்லாத்தான் இருந்துச்சு. இருந்தும் நிறுத்தல. நாலாவது தடவை ஊசி போட்டு முடிச்சதும், கடை ஞாபகத்துல பையை மாட்டிக்கிட்டு எழுந்து நடந்தேன்.

"யம்மா! இங்க வாங்க!"

உடம்பு சிலிர்த்துப் போச்சு. திரும்பினேன்.

"ஊசி போட்டா அரை மணி நேரம் உக்காந்துட்டுத்தான் போகணும். ஒவ்வொரு தடவையும் சொல்லணுமா?"

அரை மணி நேரமும் பெருமையா உக்காந்திருந்தேன். எதுக்கா இருந்தா என்ன, கடைசியில கூப்பிட்டாங்கல்ல?