குமாரசாமி அங்கிள் கொடுத்த சாணைக்கல்

குளியல் தொட்டியில் ஊறப்போட்ட சாணைக்கல்லிலிருந்து இரண்டு நாளாகக் கறுப்பு எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. உள்ளே இருக்கும் கல்தான் இன்னும் வெளியே வந்தபாடில்லை.

ரஞ்சித்குமார் தொட்டியோரம் குந்தி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தான். அவன் கட்டிக்கொள்ள நினைக்கும் தென்றலின் வீடும் அமெரிக்காவில் அவன் இருக்கும் அதே ரவுண்ட் ராக் ஊரில்தான். போன வாரம் முதன்முதலாக அங்கே போனவனிடம் அவள் அப்பா குமாரசாமி ஜாதகம் கேட்கவில்லை, கிரீன் கார்டு கேட்கவில்லை. கராஜுக்குக் கூட்டிப்போய், அழுக்கேறிய செங்கல் போன்ற ஒன்றைக் கையில் திணித்தார்.

"இது எந்த ஊர்க் கல்லுன்னு கண்டுபுடிச்சு, க்ளீன் பண்ணிக் கொண்டாங்க தம்பி. கல்யாணப் பேச்சை அப்புறம் வெச்சுக்கலாமுங்க."

பழைய சாணைக்கல் சேர்ப்பவர்களின் இணையக் குழுவில் படம் போட்டான். ஒருவர் அமெரிக்காவின் ஆர்கன்சா கல் என்றார். இன்னொருவர் துருக்கி என்றார். மூன்றாமவர், "எனக்கு அழுக்குதான் தெரிகிறது" என்றார்.

ஊறவைத்ததில் தொட்டி கறுத்ததுதான் மிச்சம். கண்ணாடித் தகட்டின்மேல் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்தான். மேடு பள்ளம் போனது. கூடவே, பக்கவாட்டில் யாரோ செதுக்கியிருந்த இரண்டு எழுத்துகளும் போயின. மிச்ச எண்ணெயையாவது எடுத்துவிடலாம் என்று கொதிநீரில் இறக்கினான்.

டொக்!

கல் இரண்டு துண்டாகக் கிடந்தது. உடைந்த இடத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டான்.

"சந்தேகமே இல்லை, துருக்கிக் கல். கிடைப்பதற்கரியது. உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது.

தென்றலுக்குப் போன் போட்டான். "கல்லு ரெண்டாயிடுச்சு."

"வாட்! சூப்பர் க்ளூ போட்டு ஒட்டு. அப்பா கண்ணாடி போடாமதான் பார்ப்பாரு."

ஒட்டினான். நன்றாகவே ஒட்டியது, டைனிங் டேபிளோடு. பிடுங்கியதில் பழையபடி இரண்டாகி, ஒரு மூலையும் பெயர்ந்துவிட்டது.

ஞாயிறு காலை மூன்று துண்டுகளையும் ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு போய்க் குமாரசாமி முன்னால் வைத்தான். அதற்குமேல் மறைக்கத் தெம்பில்லை.

"துருக்கிக் கல்லு அங்கிள். கண்டுபுடிச்சுட்டேன். ஆனா... உடைச்சுட்டேன். ஸாரி."

குமாரசாமி உடைந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். அடுக்களைப் பக்கம் திரும்பி வீடு அதிரக் கூவினார்.

"ஏ புஷ்பா! இங்க வா! உங்கப்பா குடுத்த கல்லை மாப்பிள்ளை உடைச்சுப்போட்டாரு பாரு!"

மாப்பிள்ளையா? விழுந்தது திட்டா, சம்மதமா என்று ரஞ்சித்குமாருக்கு விளங்கவில்லை.

புஷ்பவல்லி காபியோடு வந்தார். துண்டுகளைப் பார்த்தார். விசிலடித்தபடி கராஜுக்கு நடக்கும் கணவரையும் பார்த்தார். பிறகு டம்ளரை அவன் கையில் கொடுத்து, குரலைத் தாழ்த்தினார்.

"மனசு விட்றாதீங்க தம்பி. போன வருசம் இவரே கீழ போட்டு உடைச்சு, எனக்குத் தெரியாதுன்னு ஒட்டி வெச்ச கல்லுதானுங்க அது. பழி போட ஒரு மாப்பிள்ளை சிக்குவாரான்னு அன்னைலேர்ந்து தேடிட்டிருந்தாரு."