மஞ்சள் தெருவும் சாம்பல் தெருவும்

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். நான் நலம். என் வேலை திங்கட்கிழமை வரை நலம். அதற்குப் பிறகு உத்தரவாதமில்லை என்பதால் அவசரமாக எழுதுகிறேன்.

வட்டாரத்துக்கு வட்டாரம் வசதி எப்படி மாறுகிறது என்று ஒன்பதாம் வகுப்புக்கு வரைபடம் போடக் கற்றுத்தர, நகராட்சியில் புள்ளிவிவரப் பிரிவில் இருக்கும் உங்களிடம் தெருவிளக்குப் பட்டியல் கேட்டேன் அல்லவா, நீங்களும் அனுப்பினீர்கள், அதோடு என் நிம்மதி போயிற்று. விளக்கு அதிகமுள்ள தெருவுக்கு மஞ்சள், குறைந்த தெருவுக்குச் சாம்பல் என்றேன். பட்டியல்படி ரயில் பாதைக்குப் பின்தெருவில் இருபத்திரண்டு விளக்கு, கவுன்சிலர் தெருவில் பாவம் நாலே நாலு. பின்தெருவில் குடியிருக்கும் ஒரு பெண், வகுப்பில் பட்டப்பெயர் வாயாடி, எழுந்தாள்.

“டீச்சர், எங்க தெருவுல ரெண்டே ரெண்டு கம்பந்தான். அதுல ஒண்ணுல துணி காயுது.”

“பட்டியல்ல இருக்கேம்மா?”

“அப்ப பட்டியல்லதான் டீச்சர் வெளிச்சம்!”

சரி, போய் எண்ணிப் பாருங்கள் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். பள்ளி விட்டதும் வகுப்பே நோட்டோடு கிளம்பிவிட்டது. கவுன்சிலர் மனைவி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று நினைத்து, “நாங்க ஏழு பேரு, மாமியாரை வேணும்னா விட்டுடு” என்றாராம். பின்தெருவில் இரண்டு, கவுன்சிலர் தெருவில் இருபத்துநாலு. பட்டியலில் கூட்டினாலும் இருபத்தாறு, பிள்ளைகள் எண்ணியதைக் கூட்டினாலும் இருபத்தாறு. கூட்டலில் உங்கள் அலுவலகத்தைக் குறை சொல்லவே முடியாது அத்தான்.

பெற்றோர் கூட்டத்தில், எண்ணியபடி வரைந்த புதுவரைபடத்தைப் பிள்ளைகள் மாட்டினார்கள். தலைமை விருந்தினர் கவுன்சிலர். “அடடா, இது எந்தத் தெரு, தங்கமா ஜொலிக்குது?” என்று பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார். “உங்க தெருதான் சார்!” என்றாள் வாயாடி. பின்தெரு ஆட்கள் கைதட்டினார்கள், நிறுத்தவே இல்லை. தலைமையாசிரியர் என்னைத் தனியே அழைத்து, “திங்கட்கிழமைக்குள்ள ஒண்ணு மேப் மாறணும், இல்ல நீங்க மாறணும்” என்றார்.

ஆகையால், பட்டியலே சரி என்று முத்திரை வைத்து ஒரு கடிதம் உடனே அனுப்புங்கள். வாயாடியை அழைத்து நிறத்தை மாற்றச் சொல்லிவிடுகிறேன். குடும்பம் இருக்கிறது, எனக்கு எதற்கு ஊர் வம்பு?

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனி

பி.கு.: வாயாடியை அழைத்துச் சொல்லிவிட்டேன். “தெருவை மாத்தச் சொல்லுங்க டீச்சர், மேப்பை அஞ்சு நிமிஷத்துல மாத்திடறேன்” என்றாள். கடிதம் வேண்டாம் அத்தான். குடிநீர்க் குழாய்ப் பட்டியலை அனுப்புங்கள். வகுப்பு நோட்டோடு வாசலில் நிற்கிறது.