அப்பாவின் முப்பத்தெட்டு மூச்சு

“முப்பதா? ஓடிட்டு வந்த நாய் வாங்குற மூச்சுடி அது!” என்று போனில் அலறினாள் அத்தை.

“மெதுவா பேசுங்க அத்தை. அப்பா தூங்குறாரு.” சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கிசுகிசுத்தாள் அவள்.

“தூங்குறவனுக்கு எதுக்குடி முப்பது?”

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அதற்காக மூக்கில் மாஸ்க்கை மாட்டி, குழாய் வழியாகக் காற்றை ஊதும் மெஷின். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று திரையில் நம்பர் ஓடும். மெஷினில் பதிவான கணக்குப்படி இத்தனை மாதமும் பதினைந்தைத் தாண்டாத நம்பர், பள்ளிக்கு லீவு விட்டதிலிருந்து தறிகெட்டு ஆடியது.

அப்பாவுக்கு பிஸ்கட் கம்பெனியில் நைட் ஷிப்ட். அவர் காலையில் வந்து படுக்கும்போது அவள் பள்ளிக்குக் கிளம்பியிருப்பாள். அவள் திரும்பி வந்தால் அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர். ஆனால் எப்போது பார்த்தாலும் ஒருவர்தான். அந்த ஒருவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால்?

மெஷின் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

“மாஸ்க்ல காத்து லீக்கானா நம்பர் பொய் சொல்லும்மா. வாரை இறுக்கு.”

இறுக்கினாள். கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நம்பர் சாதுவாகப் பதினைந்துக்கு இறங்கியது. ‘அப்பாடா’ என்று எழுந்து வாசல்படி வரை போய்த் திரும்பிப் பார்த்தால், முப்பத்திரண்டு!

வாரை இன்னும் இறுக்கினாள். அப்பாவின் கன்னம் இரண்டும் பன் மாதிரிப் பிதுங்கியதுதான் மிச்சம். குழாயை மடங்காமல் நீட்டினாள். மெஷினில் தண்ணீர் மாற்றினாள். உட்கார்ந்தால் இறங்கியது. எழுந்தால் முப்பத்தாறு.

சாயங்காலம் அப்பா கன்னத்தைத் தடவியபடி கேட்டார். “ஏம்மா, முகமெல்லாம் வாடிக் கிடக்கு?”

“ஒண்ணுமில்லப்பா. லீவு போர் அடிக்குது.”

“ம்” என்றவர், கட்டிலருகே கிடந்த நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டு, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்.

“பேச்சுச் சத்தம் கேட்டா மூச்சு அடங்கும்டி. ஏதாச்சும் படிச்சுக் காட்டு” என்றாள் அத்தை.

மறுநாள் கைக்கு அகப்பட்ட இயற்பியல் புத்தகத்தைப் படித்தாள். உராய்வு விசையைக் கேட்டுக்கொண்டு இவ்வளவு நிம்மதியாக மூச்சுவிட்ட மனிதர் உலகத்திலேயே இருக்க மாட்டார். பதினான்கு! பாடம் முடிந்து புத்தகத்தை மூடினாள். முப்பத்தெட்டு. பதறிப்போய் வேதியியலைத் திறந்தாள். அதுவும் தீர்ந்தது. தொண்டை கட்டிக்கொண்டதே தவிர நம்பர் கட்டுக்குள் நிற்கவில்லை.

அத்தை வீடியோ காலில் வந்தாள். “இது உன்னால ஆகாதுடி. அவனை ஆஸ்பத்திரியில சேர்ப்போம். லீவு முடியுற வரைக்கும் நீ என்கூட வந்து இரு!”

இந்த முறை போன் கட்டிலருகிலேயே இருந்தது. அத்தை வாயை மூடுவதற்குள் நம்பர் நாற்பத்து நான்கு.

“ஐயோ அப்பா!” என்று கத்தியேவிட்டாள்.

அவள் போன் போட்ட அரை மணி நேரத்தில் கடைக்காரர் பையோடு வந்து நின்றார். நம்பரைப் பார்த்தார். அப்பாவின் மூடிய இமைகளை உற்றுப் பார்த்தார். பிறகு, “குடிக்கத் தண்ணி கொண்டாம்மா” என்று அவளை அனுப்பினார்.

உள்ளே ஏதோ குசுகுசுவென்று கேட்டது. அவள் செம்போடு ஓடிவந்தபோது மாஸ்க் தலையணைமேல் கிடந்தது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

“சார், அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” அவள் செம்பை நீட்டினாள்.

கடைக்காரர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு. நம்பர் இறங்குனா நீ எந்திரிச்சு உன் ரூமுக்குப் போயிடுறியாம்மா, அதான் மனுஷன் தூங்காம முழிச்சுக் கிடந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதிக்கிட்டிருக்காரு!”