முட்டை மிதந்த ஜெபவேளை

புளியை நனைத்துச் செம்புச் சொம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் லோயிஸ். மகள் எலிசபெத்தும் மகன் தியோடரும் பக்கத்தில் குந்திக்கொண்டு ஆளுக்கொரு மூலையைப் பிடித்திருந்தார்கள். சொம்புக்கு மூலை ஏது என்று கேட்காதீர்கள். அன்றைக்கு இருந்தது. ஒரு பக்கம் புளி, ஒரு பக்கம் மோர், ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் வெறும் தண்ணீர் என்று சொம்பை நாலு பாகமாகப் பிரித்திருந்தாள்.

"எது பளபளன்னு ஆவுது? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"புளிம்மா! ஏம்மா?"

"நாளைக்கு எலுமிச்சம்பழத்தையும் தேச்சிப் பாரு. அப்புறம் நீயே எனக்குச் சொல்லு."

அந்த நேரம் பார்த்துத்தான் ஆபீஸ் விட்டு வந்தார் அவள் புருஷன் சத்தியநாதன். சொம்பைப் பார்த்தார். புலிக்குட்டி மாதிரி பட்டை பட்டையாக இருந்தது. அது அவர் தண்ணீர் குடிக்கிற சொம்பு.

"இன்னாடி இது?"

"சயின்ஸ் நைனா!" என்றான் தியோடர்.

"ஆறாங்கிளாஸ் படிச்சவ சொல்லிக் குடுக்கிறது சயின்சா? நான் பி.யூ.சி.!"

"பாசா நைனா?" என்று கேட்டாள் எலிசபெத்.

"படிச்சவன்!" என்றார் சத்தியநாதன். பிறகு குரலை உயர்த்தினார். "இன்னையிலேர்ந்து இந்த வீட்டுல சோதனை கீதனை எதுவும் கூடாது. சோதனையில விழாம காப்பாத்துன்னு நான் தினமும் ஜெபம் பண்றேன். நீ சமையக்கட்டுலயே அத வளத்துக்கினு இருக்கிறே! இனிமே சயின்ஸ் நான் சொல்லிக் குடுப்பேன்."

சொல்லிக் கொடுத்தார்.

"காற்று எங்கும் நிறைந்துள்ளது. சொல்லு."

"எங்கும் நிறைந்துள்ளது. அது எப்பிடி நைனா தெரியும்?"

"புஸ்தகத்துல போட்டிருக்குது. பத்து தடவ எழுது."

ஒரு வாரத்தில் சயின்ஸ் என்றாலே தியோடருக்கு வயிற்றை வலித்தது. எலிசபெத் 'ஏன்' என்று கேட்பதையே விட்டுவிட்டாள். மகன் வயிற்று வலிக்கு ஓமத்தண்ணீர் கொடுத்தாகிவிட்டது. மகள் வாய் மூடிக்கொண்டதற்கு என்ன கொடுப்பது? அதுதான் லோயிசுக்குத் தாங்கவில்லை.

லோயிஸ் கூச்சக்காரி. வெளியாள் வந்தால் கதவுக்குப் பின்னாலிருந்துதான் பேசுவாள், அதுவும் கதவுக்கே கேட்காது. புருஷன் போட்ட சட்டத்துக்கு அவள் 'மாட்டேன்' என்று சொல்லவில்லை. ஆனால் 'சரிங்க' என்றும் சொல்லவில்லையே!

நேரம்தான் பிரச்சினை. பகலெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். சாயந்திரம் முழுக்க சத்தியநாதனின் கண் அவர்கள் மேல். அந்தக் கண் மூடியிருக்கிற நேரம் ஒன்றே ஒன்றுதான். குடும்ப ஜெபம்.

சத்தியநாதனின் ஜெபம் சித்தூர் சபை முழுக்கப் பேர்போனது. ஆதாமில் ஆரம்பித்தால் ஆபீஸ் சூப்பிரண்டுக்கு வந்து சேர அரைமணி ஆகும். நடுவில் ஊரிலிருக்கிற நோயாளி ஒருவரும் விட்டுப்போக மாட்டார். கண்ணை மூடினால் மூடினதுதான். ஒருமுறை கோயிலுக்குள் குரங்கு புகுந்து அவர் தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு போனது. அப்போதும் அவர் இமை அசையவில்லை. அந்த ஒரு துண்டை வைத்தே சபைக் கமிட்டிக்கு அவர் பேர் அடிபட்டுக்கொண்டிருந்தது. மற்றவர்கள் கண் திறந்தால் குருவானவரிடம் போய்ச் சொல்வதும் அவர்தான்.

அன்று ராத்திரி ஜெபத்தில் லோயிஸ் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும், அதற்குள் ஒரு முட்டையும் வைத்தாள். முட்டை அடியில் போய் உட்கார்ந்தது. சத்தியநாதன் "கர்த்தாவே" என்கிறபோதெல்லாம் தியோடர் ஒரு கரண்டி உப்பைப் போட்டு, எலிசபெத் சத்தம் வராமல் கலக்கவேண்டும். நகரி நெசவுக்காரர்களுக்காக ஜெபிக்கும்போது முட்டை அசைந்தது. திருப்பதிக்குப் போகிற பஸ் டிரைவர்களுக்கு வந்தபோது எழுந்து நின்றது. ஆபீஸ் சூப்பிரண்டின் கல்மனசு இளகவேண்டும் என்றபோது மேலே மிதந்தே விட்டது. பிள்ளைகள் இதுவரை சொல்லாத அளவுக்கு உரக்க "ஆமென்" சொன்னார்கள்.

மறுநாள் மைக்கிண்ணத்தில் நிறுத்திய சாக்பீசில் மை தானாகவே மேலே ஏறியது. அதற்கு மறுநாள் தண்ணீர்மேல் ஊசி மிதந்தது. அந்தி சாய்ந்தால் போதும், "நைனா, ஜெபம்! நைனா, ஜெபம்!" என்று பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

பக்கத்து வீட்டு தாட்சாயணி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஏம்மா லோயிசு, எங்க வீட்டுல சாமி கும்புடக் கூப்ட்டா பசங்க ஓடிப்பூடுதுங்க. நீ இன்னா மந்தரம் போட்டே?"

"உப்புதான்க்கா" என்றாள் லோயிஸ்.

சத்தியநாதனுக்கு முதலில் பெருமையாக இருந்தது. பிறகு சந்தேகமாக இருந்தது. எந்தப் பிள்ளை ஜெபத்துக்கு அழும்? ஒருநாள் ஜெபத்தில் ஏசாயா தீர்க்கதரிசி வரைக்கும் போனவர், இடது கண்ணைக் கடுகளவு திறந்தார்.

எதிரே ஒரு பாட்டில். அதன் வாயில் கிறிஸ்துமசுக்கு வாங்கி மிஞ்சின சிவப்பு பலூன். யாரும் ஊதாமலேயே அது பறங்கிக்காய் மாதிரி வீங்கிக்கொண்டிருந்தது!

கண்ணை மூடிக்கொண்டார். ஜெபத்தை நடத்திக்கொண்டே திட்டம் போட்டார். நாம் திட்டினால் இவள் வாயைத் திறக்காமல் மறுபடியும் செய்வாள். குருவானவர் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அவர் எதிரில் நிற்கவே நடுங்குகிறவள், எதிர்த்தா பேசப் போகிறாள்?

சனிக்கிழமை குருவானவர் கிருபானந்தம் ஐயரை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். லோயிஸ் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் போனாள். பிள்ளைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். ஐயர் 'கூடாது' என்றால் அன்றோடு எல்லாம் முடிந்தது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"ஐயரே, கேளுங்க இந்த அநியாயத்த! குடும்ப ஜெபம் நடக்கும்போது இவ பசங்களுக்கு பலூன் உப்ப வெச்சிக்கினு கீறா!"

"அப்படியா? யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? நானே பாத்தேன்!"

"எப்போ?"

"ஜெபம் பண்ணும்போ..." என்ற சத்தியநாதன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கதவு அசைந்தது. லோயிஸ் வெளியே வந்தாள். முக்காடு நெற்றிவரை இருந்தது, குரல் மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது.

"பலூன் நெஜந்தான் ஐயரே. ஆனா அவரு பாத்திருக்க முடியாது. குரங்கு வந்தப்பவே கண்ணு தொறக்காதவரு."

"அப்போ நீங்க?"

"நாங்க மூணு பேரும் தொறந்துதான் இருந்தோம். ஒத்துக்கிறோம். அதுக்கு இன்னா தண்டனையோ குடுங்க. ஆனா பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறத நான் விடமாட்டேன். அவரு பாத்தாரான்னு அவரையே கேளுங்க."

ஐயர் திரும்பினார். "சத்தியநாதா, கண் திறந்தாயா?"

சபைக் கமிட்டி ஒரு பக்கம். பலூன் ஒரு பக்கம். சத்தியநாதன் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"நான்... ஒண்ணும் பாக்கல ஐயரே."

"பார்க்காததைப் பற்றி என்ன புகார்?" என்றார் ஐயர். மீசைக்கடியில் சிரிப்பை ஒளிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அம்மா, ஜெபத்துக்கு முன்னாடியே இதை முடித்துக்கொள்ளுங்கள். கூடத்திலேயே, வெளிச்சத்தில் செய்யுங்கள். எனக்கும் ஒருமுறை காட்டக்கூடாதா?"

காட்டாமலா? பாட்டிலில் எலுமிச்சம் சாறு ஊற்றினாள். பலூனுக்குள் சமையற்கட்டு வெள்ளை டப்பாவிலிருந்து எடுத்துவந்த ஆப்ப சோடாவைப் போட்டு, பாட்டில் வாயில் மாட்டினாள். அப்போதுதான் வந்தவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லையே என்று நினைவு வந்தது.

"ஏங்க, எனக்குக் கை ஒழியல. ஐயருக்கு நீங்களே ஒரு எலுமிச்சம்பழ சர்பத்து கலக்கி எடுத்தாங்க."

கல்யாணமான நாளிலிருந்து சத்தியநாதன் சமையற்கட்டுக்குள் போனது குறை சொல்வதற்கு மட்டும்தான். மனைவியைப் பார்த்தார். ஐயரைப் பார்த்தார். போனார்.

லோயிஸ் பலூனை நிமிர்த்தினாள். உள்ளே நுரை சீறியது. பலூன் தலையைத் தூக்கியது, தோளை விரித்தது. தியோடர் கை தட்டினான். ஐயர் நாற்காலியை விட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாரும் ஊதலியே! ஏம்மா?" என்று கேட்டாள் எலிசபெத். அந்த 'ஏன்' திரும்பி வந்துவிட்டது. லோயிசுக்குக் கண் நிறைந்தது.

"அதானே, எங்கிருந்தம்மா வருகிறது இந்தக் காற்று?" என்றார் ஐயரும்.

"மாயமெல்லாம் ஒண்ணுமில்ல ஐயரே. புளிப்பும் சோடாவும் ஒண்ணு சேரும்போது..."

"லோயிசு! ஏ லோயிசு! சீக்கிரம் வாடீ! சர்பத்து ஜக்க விட்டு எழும்பி வருது! நான் சக்கரைதான் போட்டேன், அந்த வெள்ளை டப்பாவுல இருந்து! தரையெல்லாம் நுரை!"

லோயிஸ் பாட்டிலை மகள் கையில் கொடுத்து எழுந்தாள். "இதோ வந்துட்டேங்க! கெட்டியாப் புடிம்மா எலிசபெத். ஐயரே, அந்தக் காத்து எப்பிடி வருதுன்னா, அதத்தான் எங்க வீட்டுக்காரரு இப்ப உள்ள செஞ்சி காட்டிக்கினு கீறாரு!"