லாரிக்கு நாடி பார்த்தவர்

சிராங்கூன் ரோட்டில், ஏன், இந்தத் தீவு முழுவதிலுமே, மோட்டார் வண்டிக்கு நாடி பிடித்துப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் கடை டிரைவர்தான். எந்தச் சபையில் கேட்டாலும் சத்தியம் செய்வேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. சம்பளம் கொடுத்த ராவுத்தருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் லாரி வைத்தியர்.

மாட்டு வண்டிகளுக்கும் ரிக்‌ஷாக்களுக்கும் நடுவே ஒரு மோட்டார் வந்தால் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்த காலம் அது. நான் ராவுத்தரின் மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை. ஏதோ ரப்பர் தோட்டத்துத் துரை வேண்டாமென்று தள்ளிவிட்ட, பின்பக்கம் திறந்த சின்ன லாரி ஒன்றை ராவுத்தர் வாங்கியிருந்தார். முன்னால் நின்று கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் அது கிளம்பும். பல நாள் சுற்றினாலும் கிளம்பாது.

அப்போது வைத்தியர் எஞ்சின் மூடியின் மேல் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வாதமா, பித்தமா, கபமா என்று முடிவு செய்வார். ஒருமுறை சளி பிடித்திருக்கிறது என்று ரேடியேட்டரில் சுக்குக் கஷாயம் ஊற்றினார். வண்டி கிளம்பிவிட்டது! கஷாயத்தால் கிளம்பியதா, கஷாயத்தையும் மீறிக் கிளம்பியதா என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான்.

ராவுத்தர் மகளின் நிக்காஹ் அன்று வண்டி அடியோடு மறுத்துவிட்டது. கல்யாண வீடு கேலாங்கில். நெய்ச்சோறும் கறியும் கடைக்குப் பின்னால் வெந்து, பெரிய பெரிய தேக்சாக்களில் லாரியில் ஏறியாயிற்று. சாப்பாட்டோடு போவதற்காக ராவுத்தரே பட்டுச் சட்டையில் வந்து நின்றார். வைத்தியர் சுற்றினார், சுற்றினார், வேர்வைதான் வந்தது.

"வைத்தியரே, மாப்பிள்ளை வீட்டாளுங்க வந்து உக்காந்துட்டாங்க. சோறு போய்ச் சேரலைன்னா என் மானமே போயிடும். அப்புறம் நீங்களும் வேணாம், இந்தப் பொணமும் வேணாம்!"

"பொணம்னு சொல்லாதீங்க முதலாளி, அதுக்குக் காதுல விழும்."

முதலில் வாதம் என்றார். சக்கரத்துக்கு நல்லெண்ணெய் தேய்த்தோம். இல்லை, பித்தம் என்றார். ஈரச் சாக்கு போர்த்தினோம். கபமேதான் என்று அவர் சாம்பிராணித் தட்டோடு வந்தபோது ராவுத்தர் பட்டுச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்த் தெருவுக்கே ஓடிவிட்டார். "பெட்ரோல் பக்கத்துல நெருப்பா! யாராவது புடிங்கப்பா இவர!"

தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு நான் மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, பெட்ரோல் இருக்கா?"

"சோறு போடாம வைத்தியம் பாப்பேனா நான்?" என்று கோபித்துக்கொண்டு, ஓட்டுகிறவருக்கு முன்னால் இருந்த தொட்டியின் பித்தளை மூடியைத் திருகினார். 'உஸ்' என்று ஒரு சத்தம். உள்ளே பெட்ரோல் ததும்பியது. மூடிவிட்டு, கோபம் தீராமல் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். எஞ்சின் உறுமியது!

வழியில் காலாங் ஆற்றுப் பாலத்தில் மறுபடி நின்றது. இறங்கினார், நாடி பார்த்தார், தலையைச் சொறிந்தார். சந்தேகத்துக்குத் தொட்டியைத் திறந்தார். 'உஸ்'. சுற்றினார், ஓடியது. மூடினார், கொஞ்ச தூரத்தில் நின்றது.

"கணக்குப்பிள்ளை, திறந்து பாத்தாத்தான் ஓடுது. நம்ம இத பாக்கணும்னு ஏங்குது."

"லாரி ஏங்குமா அண்ணே?"

"பொண்ணு கல்யாணத்துக்குப் போற வண்டியாச்சே. ஏங்காதா?"

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, பெட்ரோல் தெறிக்காமல் துணியால் மறைத்தபடி கேலாங் வரை தொட்டிக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். பின்னால் தேக்சாக்களைக் கட்டிப்பிடித்திருந்த ராவுத்தர், "என்ன நோய்? என்ன நோய்?" என்று கத்திக்கொண்டே வந்தார். வண்டி நிற்கவே இல்லை. சோறு சூடாகப் போய்ச் சேர்ந்தது.

பந்தலில்தான் மூடி இன்னும் என் கையில் இருப்பதைக் கவனித்தேன். அதன் மேல் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. போன வாரம் எஞ்சினுக்குச் சூடு அதிகம் என்று வைத்தியர் தொட்டி முழுக்கச் சந்தனம் பூசியிருந்தார். நகத்தால் சுரண்டினேன். நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும் போலிருக்கிறது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. மூடியை வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நாலு பேர் ஒரே தட்டில் சேர்ந்து சாப்பிடுகிற சகன் விருந்து அது. ராவுத்தரும் நானும் உட்கார்ந்த தட்டில் வைத்தியரின் இடம் மட்டும் காலியாக இருந்தது. தேடிப் போனேன், எனக்குப் பின்னாலேயே ராவுத்தரும் வந்தார். வைத்தியர் லாரியின் தொட்டியை வேட்டி முனையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூச்சு முட்டிச்சாம்மா? சொல்லத் தெரியாத பிள்ளைய நானே மூக்கை அடைச்சுப் போட்டேனே."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ராவுத்தர் கிட்டே போய் நின்றார்.

"வைத்தியரே, வாங்க. சோறு ஆறிடும்."

"நீங்க சாப்பிடுங்க முதலாளி. இதுக்கு இப்பத்தான் மூச்சு வந்திருக்கு. கொஞ்சம் கூட இருந்துட்டு வரேன்."

அவர் வரும்வரை அந்தத் தட்டில் ராவுத்தர் கை வைக்கவில்லை. நானும்தான்.