கருவாட்டுப் பெரியப்பாவும் என் வம்ச ஆராய்ச்சியும்

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு மூன்று வியாதிகள் வரும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூதாதையர். முதல் இரண்டுக்கு மாத்திரை இருக்கிறது. மூன்றாவது வந்தவன் எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "உங்க தாத்தாவோட அப்பா பேரு என்ன?" என்று கேட்பான். அவர்கள் தெரியாமல் விழிப்பார்கள். அந்த விழிப்பில் இவனுக்கு ஓர் அற்ப சந்தோஷம். (இவனுக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.)

எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த நேரத்தில்தான் என் அக்கா மகள் பவித்ராவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. லேசில் கூடி வரவில்லை. நட்சத்திரம் பொருந்தினால் சம்பளம் பொருந்தாது, சம்பளம் பொருந்தினால் பையன் தலையில் முடி இருக்காது என்று வருடக்கணக்கில் அலைந்த பிறகு, சிக்கல் என்ற ஊரில் ஓர் இடம் அமைந்தது. எங்கள் பக்கம் சம்பந்தம் பேசும்போது முதலில் விசாரிப்பது குலசாமியை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சாமி என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டியதுதான். நல்லவேளை, சாயல்குடியில் இருக்கும் அத்தான் வீட்டுக்கு ஒரு சாமி, சிக்கல்காரர்களுக்கு வேறு சாமி. அக்கா அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

தாய்மாமன் என்ற முறையில் நான் நிச்சயதார்த்தத்துக்கு வந்து, ஒரு மோதிரத்தைப் போட்டுவிட்டு, சாப்பிட்டுப் போயிருக்கலாம். அதற்கு மேல் யாரும் என்னிடம் எதிர்பார்க்கவில்லை. நான்தான் எதிர்பார்த்தேன். இரண்டு குடும்பங்களின் வம்ச வரலாற்றையும் ஆராய்ந்து, ஒரு மரமாக வரைந்து, பெரிய ப்ளெக்ஸாக அடித்து மண்டப வாசலில் வைத்து எல்லோரையும் அசத்துவது என்று முடிவு செய்தேன். ரகசியமாக. யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது.

முதலில் அத்தானைப் பிடித்தேன். செல்போனில் குரல்பதிவை ஓடவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"எங்க அய்யா வரைக்கும் தெரியும் மச்சான். அதுக்கு மேல கேட்டா? நான் என்ன கல்வெட்டா?" என்றார்.

"பெரியப்பா, சித்தப்பா யாரும் உண்டா அத்தான்?"

"பெரியப்பான்னா..." என்று யோசித்தவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "அட, கருவாட்டுப் பெரியப்பா! பாம்பன்ல இருந்து வருவாக. எங்க அய்யாவுக்கு அவுகன்னா உசுரு. அவுக வார அன்னைக்கு தெருவே மணக்கும்."

"சொந்தப் பெரியப்பாவா, ஒன்றுவிட்ட பெரியப்பாவா?"

"சொந்தத்துக்கு மேல மச்சான்."

'சொந்தம்' என்று பதிந்துகொண்டேன். ('மேல' என்பதை விட்டுவிட்டேன். ஆராய்ச்சியில் உணர்ச்சிக்கு இடமில்லை.) தெரு மணந்ததை அவருடைய நற்பெயரின் மணம் என்று புரிந்துகொண்டேன். நான் வளர்ந்தது ராமநாதபுரம் டவுனில், பிழைப்பது சென்னையில். எனக்குத் தெரிந்த கருவாடு கடையில் பாக்கெட்டில் தொங்குவது. அது மனித உருவில் வீடு தேடி வரும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அடுத்து சிக்கல். மாப்பிள்ளையின் அப்பா அமைதியானவர். அவரிடமும் அதே கேள்வி. அவர் வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, "எங்களுக்கும் ஒரு பெரியப்பா உண்டு தம்பி. கருவாட்டுப் பெரியப்பா. வந்தாகன்னா எங்க வீட்லதான் சாப்பாடு. எங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சுக் கொண்டாருவாக" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு ஊர், இரண்டு குடும்பம், ஒரே பெரியப்பா! அத்தானின் அப்பாவும் சம்பந்தியின் அப்பாவும் அவருடைய தம்பிகள். காலம் பிரித்த இரண்டு கிளைகளை இந்தக் கல்யாணம் சேர்த்து வைக்கப்போகிறது. பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கண் கலங்கியது. அப்படியானால் மணமக்கள் ஒருவருக்கொருவர் என்ன முறை ஆகிறார்கள் என்று நண்டு சிண்டுகூடச் சொல்லிவிடும். நான் கேட்கவில்லை. மூதாதையரைத் தேடிப் போனவனுக்கு எதிரே இருக்கும் மனிதர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ப்ளெக்ஸ் கடைக்காரர் கேட்டார்: "அண்ணே, மேல நடுவுல இருக்கிறவருக்கு போட்டோ?"

"இல்லை."

"அப்ப ராஜா பாடி போட்டுருவோம்."

கம்ப்யூட்டரில் காட்டினார். பட்டு அங்கி, மார்பு நிறைய முத்துமாலை, இடுப்பில் உடைவாள். கழுத்துக்கு மேல் காலியிடம். அதில் யார் தலையை வேண்டுமானாலும் பொருத்தலாமாம். வம்சம் என்றால் ஜாடை இருக்க வேண்டுமே என்று அத்தானின் கண்களையும் சம்பந்தியின் மீசையையும் எடுத்துப் பொருத்தச் சொன்னேன். ஒரு கிரீடமும் கேட்டேன். 'கருவாட்டுப் பெரியப்பா' என்ற பெயர்தான் உடைவாளோடு ஒட்டவில்லை. யோசித்து, 'கடல்வணிகப் பெரியவர்' என்று மாற்றினேன். தலைப்பு: 'ஒரே வேர், இரு கிளைகள்'. கீழே மூலையில், அடக்கமான எழுத்தில், ஆனால் சிவப்பில்: 'ஆராய்ச்சி: மணமகளின் தாய்மாமன்'.

நிச்சயதார்த்தம் ராமநாதபுரத்தில் ஒரு மண்டபத்தில். காலையிலேயே ப்ளெக்ஸைக் கட்டிவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டேன், சிலை திறந்தவர் மாதிரி. கூட்டம் கூடியது. அவரவர் பெயரைத் தேடினார்கள். "என் பேர் எங்கப்பு?" "இவளுக்கு மட்டும் எழுத்து பெருசா இருக்கு?" என்று சில்லறைப் புகார்கள். நான் பெருந்தன்மையோடு சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மாப்பிள்ளையின் அத்தை வந்தார். சம்பந்திக்கு மூத்தவர், சிக்கலில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. மூக்குக் கண்ணாடியை மாட்டி, ஆள்காட்டி விரலை ப்ளெக்ஸில் வைத்து, கோடு கோடாக இறங்க ஆரம்பித்தார்.

"இது யாரு, கிரீடம் வச்சிருக்கிறது?"

"உங்க பெரியப்பாதாம்மா" என்றேன்.

"எங்க அய்யாதான் மூத்தவுகன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். சரி. இவுகளுக்கு ரெண்டு தம்பி. ஒருத்தர் எங்க அய்யா. இன்னொருத்தர் பொண்ணோட தாத்தா." விரல் இறங்கியது. "அப்ப என் தம்பியும் பொண்ணோட அப்பனும்?"

"அண்ணன் தம்பி" என்றேன், பரவசத்தோடு.

"அப்ப மாப்பிள்ளையும் பொண்ணும்?"

வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"பங்காளி வீட்டுப் பொண்ணையா எங்க பயலுக்குக் கட்டப் பாத்தீக?" என்று அத்தை போட்ட சத்தத்தில் நாதஸ்வரம் நின்றது. மேடையில் பவித்ராவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, நாற்காலியை அரையடி தள்ளிப் போட்டுக்கொண்டார். பவித்ரா என்னைப் பார்த்த பார்வையில் ப்ளெக்ஸே கருகியிருக்க வேண்டும்.

அத்தானும் சம்பந்தியும் ஓடி வந்தார்கள். "இது யாருய்யா?" என்றார் சம்பந்தி. "எனக்கும் தெரியலையே" என்றார் அத்தான். ஆனால் ராஜாவின் கண்களைப் பார்த்து சம்பந்தியும், மீசையைப் பார்த்து அத்தானும் சற்றே தடுமாறினார்கள். ஜாடை அப்படி. "எங்க அய்யாவுக்கு அண்ணன் ஒருத்தர் இருந்திருக்காக, எனக்கு யாருமே சொல்லலையே!" என்றார் அத்தான். யாரோ, "படிச்ச மனுசன், ஆதாரம் இல்லாம ப்ளெக்ஸ்ல போடுவாரா?" என்றார்கள். அத்தை தாம்பாளங்களை எடுக்கச் சொல்லிவிட்டார். அக்கா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, எம்மக வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டியேடா" என்றாள். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"யார் சொன்னா இதை உங்களுக்கு?" என்று அத்தை என்னிடம் வந்தார்.

"அத்தானும் சம்பந்தியும்தான் சொன்னாங்க."

"நான் எப்ப சொன்னேன்?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். (அண்ணன் தம்பி மாதிரியே இருந்தது. சூழ்நிலைக்கு அது உதவவில்லை.)

என் நேர்மைக்கே சோதனை வந்துவிட்டது. "ஆதாரம் இருக்கிறது!" என்று செல்போனை உருவினேன். கூட்டத்தின் சத்தத்தில் கேட்காது என்று மைக்கை வாங்கி அதன் வாயில் வைத்தேன். மண்டபம் முழுக்க அத்தானின் குரல் ஒலித்தது:

"அட, கருவாட்டுப் பெரியப்பா! பாம்பன்ல இருந்து வருவாக..."

பின்வரிசையில் ஒருவர், "யாரு, நம்ம கருவாட்டுப் பெரியப்பாவா? சைக்கிள்ல பெட்டி கட்டிக்கிட்டு வருவாகளே?" என்றார்.

"எங்க தெருவுக்கும் வருவாக!"

"எங்களுக்கும் பெரியப்பாதான்! காரப்பொடிக் கருவாடு இல்லைன்னா அழுவேன்னு எனக்கு மட்டும் ஒரு கை அள்ளிப் போடுவாக!"

நாதஸ்வரக்காரர் கருவியைக் கீழே வைத்துவிட்டு, "எங்களுக்கும் அவரு பெரியப்பாங்க" என்றார். சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வந்த மாஸ்டரும் உறவு கொண்டாடினார். அந்தக் கணக்குப்படி மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அண்ணன் தங்கை. சிக்கலிலிருந்து சாயல்குடி வரை யாரும் யாரையும் கட்ட வழியில்லை.

அத்தை திரும்பி கிரீடத்தைப் பார்த்தார். முத்துமாலையைப் பார்த்தார். உடைவாளைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. "ஏந் தம்பி, கருவாட்டுப் பெட்டியோட வந்த மனுசனையா வாளைக் குடுத்து நிக்க வச்சிருக்கீக?" என்றவர், சிரிப்பில் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஒருவர் மட்டும் விடாமல், "எதுக்கும் குலசாமியை ஒரு தடவை விசாரிச்சுக்கங்க" என்றார்.

"அவுக கும்பிட்டது அந்தோணியாரைப்பா" என்றார் சம்பந்தி. "பங்காளின்னா நாமளும் வருசாவருசம் கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் படகு ஏறணும்."

தாம்பாளங்கள் திரும்பி வந்தன. மாப்பிள்ளை நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டார். தள்ளியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இழுத்தார் என்று நினைக்கிறேன். அக்கா தூணை விட்டாள். என்னோடு பேசுவதையும் விட்டாள். அது கல்யாணம் வரை நீடித்தது.

அதே மண்டபத்தில் நடந்த கல்யாணத்துக்கு, காலமாகிவிட்ட பெரியப்பாவின் மகன் ஜேசுவைப் பாம்பனில் தேடிப் பிடித்து அழைத்திருந்தார்கள். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. சீர்வரிசையில் ஆப்பிளுக்கும் மைசூர்பாகுக்கும் நடுவே, கண்ணாடித்தாள் சுற்றிய தட்டில் நெத்திலிக் கருவாட்டைக் கோபுரமாக அடுக்கி, "பெரியப்பா வீட்டுச் சீர்" என்று கொண்டுவந்து வைத்தார். சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த ப்ளெக்ஸை விரித்துப் பார்த்தார். அப்பாவை அந்தக் கோலத்தில் மேலும் கீழும் பார்த்தார். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். "அப்பா சைக்கிளுக்கு டயர் மாத்தவே யோசிப்பாரு" என்று சிரித்துவிட்டு, "அண்ணே, இது சும்மாத்தான கெடக்கு? நான் எடுத்துக்கிறவா?" என்றார். அப்பா நினைவாகக் கேட்கிறார் என்று நெகிழ்ந்து போய்க் கொடுத்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் யாராவது "அவர் நமக்குச் சொந்தம்" என்று சொன்னால் அடுத்த கேள்வி ரெடியாக வரும்: "சொந்தமா, கருவாடா?" பவித்ராவின் மகனுக்கு இப்போதுதான் பேச்சு வருகிறது. என்னைப் பார்த்தால் "கருவாட்டுத் தாத்தா" என்று ஓடி வருகிறான். யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் ஆராயவில்லை. ஆராய்ச்சியை விட்டாயிற்று.

போன மாதம் ராமேஸ்வரம் போகிற வழியில் பாம்பனில் இறங்கி ஜேசுவைப் பார்க்கப் போனேன். கரையில் வெயிலுக்கு ப்ளெக்ஸை விரித்திருந்தார்கள். எங்கள் இரு குடும்பத்துத் தலைமுறைகளும் நெத்திலிக்கு அடியில் காய்ந்துகொண்டிருந்தன. நடுவே ஒரு கிரீடம் மட்டும் வெளியே தெரிந்தது. மூலையில், சிவப்பு எழுத்தின்மேல், ஒரு காக்கா தன் வேலையை முடித்துவிட்டுப் பறந்தது.

"நல்லா ஒழைக்குதுண்ணே" என்றார் ஜேசு, மீனைக் கையால் பரத்திவிட்டபடி. "படம் இருக்கிற பக்கம் வழுவழுன்னு இருக்கா, மீன் ஒட்டவே மாட்டேங்குது. வீட்ல அடுத்த விசேசம் எப்பண்ணே? இன்னொரு ஆராய்ச்சி பண்ணுங்களேன். சாளை மீன் காயப்போட எடம் பத்தலை."